யாருக்குக் கவசம்?

வீட்டு முற்றத்திலேயே வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு, கால் அங்குல இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து ஜீப்புக்கு முன்பம்பர் செய்துகொள்கிறவர்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் ஒரு வித்தைதான். ஆனால், அந்த இரும்பு யாரைக் காப்பதற்கு என்று கேட்டால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் பாலைவனச் சாலைகளில் இருட்டில் கங்காரு குறுக்கே பாயும். அங்கே இதற்கு ஒரு நியாயம் உண்டு. நம் சாலையில் குறுக்கே வருவது யார், ஐயா? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும், பால்காரரின் சைக்கிளும்தானே!

இன்றைய வண்டிகளின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்போ நசுங்காது. உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் அடியைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். ஏர்பேக் விரிய வேண்டிய கணமும் தப்பிப் போகலாம். 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, இந்த முன்தடுப்புகள் கூடாதென்று மாநிலங்களுக்கு எழுதியது.

"சர்க்கார் எதைத்தான் விட்டது?" என்று அலுத்துக்கொள்கிறார் ஒரு நண்பர். ஒரு மோதலுக்குப் பிறகும் அவர் பம்பரில் கீறல் கிடையாதாம். மோதிய சைக்கிள்காரர் என்னவானார் என்று கேட்டேன்.

"அது பழைய சைக்கிள், ஸார்" என்றார்.