டி.வி மூலையில் சுழலும் லோகோ... கல்யாண லைவில் வரவைப்பது எப்படி?

நியூஸ் சேனலில் 'நேரலை' என்ற எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட் ஸ்கோருக்குப் பக்கத்தில் ஸ்பான்சர் லோகோ சுழன்றுகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ஓடும் அந்த அனிமேஷனின் நிஜ நீளம் பெரும்பாலும் சில விநாடிகள்தான். முடிந்ததும் முதல் ஃப்ரேமுக்குத் திரும்பி, மறுபடி ஓடும். இதற்குப் பெயர்தான் 'லூப்'.

இப்போது கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாமே யூடியூப் லைவ். துபாயில் இருக்கும் அண்ணன் அங்கிருந்தே தங்கையின் முகூர்த்தத்தைப் பார்க்கிறார். 'டி.வி-யில வர்ற மாதிரி பொண்ணு மாப்பிள்ளை பேரு அசைஞ்சு வரணும் தம்பி' என்று வீட்டார் கேட்கிறார்கள். சரி என்று அட்வான்ஸ் வாங்கும் வீடியோகிராபர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஸ்விட்சரில் என்ன சிக்கல்?

பல கேமராக்களில் எதை ஒளிபரப்புவது என்று பட்டன் தட்டி மாற்றும் கருவிதான் ஸ்விட்சர். 2019-ல் வந்த பிளாக்மேஜிக் நிறுவனத்தின் 'ஏடெம் மினி' சிறு ஸ்டூடியோக்களில் பிரபலம். 4 ஹெச்.டி.எம்.ஐ இணைப்புகள் உண்டு. இதன் 'மீடியா பூல்' பகுதியில் 20 படங்களைச் சேமிக்கலாம். ஆனால், அசையாத படங்களை மட்டும்தான்!

காரணம் புரிய ஒரு சின்ன கணக்கு. ஃபுல் ஹெச்.டி ஃப்ரேம் ஒன்றில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 வண்ணம், 1 ஒளிபுகும் அளவு என 4 பைட். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃப்ரேமுக்கே சுமார் 8 எம்.பி. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால், 10 விநாடி அனிமேஷனுக்கு ஏறக்குறைய 2 ஜி.பி மெமரி வேண்டும். விலை கூடிய பெரிய ஸ்விட்சர்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு. அங்கே அனிமேஷனைப் படங்களின் வரிசையாக ஏற்றி, 'லூப்' பட்டனைத் தட்டினால் போதும்.

அப்போ என்ன வழி?

வழி 1: ஒரு லேப்டாப்பை ஸ்விட்சரில் இணைத்து, பச்சைப் பின்னணியில் அனிமேஷனை லூப்பில் ஓடவிடுங்கள். ஸ்விட்சரின் 'குரோமா கீ' பச்சையை நீக்கிவிடும். எழுத்து மட்டும் கேமரா காட்சியின் மேல் நிற்கும். ஆனால், டிசைனில் மாவிலைத் தோரணம் இருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். அப்போது பின்னணிக்கு நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கேமராவுக்கான இணைப்பும் இதில் போய்விடும்.

வழி 2: ஸ்விட்சரின் யு.எஸ்.பி-யை லேப்டாப்பில் செருகி, 'ஓ.பி.எஸ்' என்ற இலவச மென்பொருளில் லைவ் செய்யுங்கள். பின்னணி இல்லாத 'வெப்எம்' ஃபைலை மீடியா சோர்ஸாகச் சேர்த்து, 'லூப்' டிக் செய்தால் வேலை முடிந்தது. ஆனால், ஸ்விட்சரிலிருந்து நேராக மண்டப எல்.இ.டி திரைக்குப் போகும் காட்சியில் இந்த அனிமேஷன் வராது. திரையிலும் வேண்டும் என்றால் முதல் வழிதான் சரி.

மறக்கக் கூடாதவை

* கடைசி ஃப்ரேம் முதல் ஃப்ரேமோடு இயல்பாகச் சேர வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் எழுத்து துள்ளும்.

* லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷன், ஸ்க்ரீன்சேவர், ஸ்லீப் மூன்றையும் அணைத்துவிடுங்கள். மாங்கல்யதாரணத்தின் நடுவே வாட்ஸ்அப் மெசேஜ் எட்டிப் பார்த்தால், அது உறவினர்கள் அத்தனை பேரின் போனிலும் தெரியும்.

* தாலி கட்டும் நேரத்தில் அனிமேஷனை எடுத்துவிடுங்கள். அசைகிற எழுத்து கண்ணை இழுக்கும். அந்த ஒரு நிமிடம் பார்க்க வேண்டியது மணமக்களின் முகத்தை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புக் செய்யும்போதே 'அசையும் பெயர் வருமா, மண்டபத் திரையிலும் வருமா?' என்று கேட்டு, முந்தின நாளே 10 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகூர்த்த நேரத்தில் யாருக்கும் டென்ஷன் இருக்காது!