இரைச்சல் என்று சொன்னவர்களுக்கு

மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து ஒரு விஷயத்தில் எனக்கும் நம்மூர்ப் பெரியவர்கள் சிலருக்கும் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊரில் ராக் சங்கீதத்துக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. கோடைக்காலத்தில் அதன் வாசல் திடலிலேயே மேடை போட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். நான் போன அன்று வாசித்தவர்கள் மெட்டல் என்கிற வகைக்காரர்கள். இதைச் சாயங்காலம் நடக்கப் போகிற இடத்தில் சொன்னேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "மியூசியம்னா வாயைப் பொத்திக்கிட்டுப் பாக்க வேண்டிய எடம் அண்ணாச்சி. அங்கயுமா இந்த இரைச்சல்?" என்றார். கூட இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நம் கலாச்சாரம் என்ன ஆவது என்று மூன்றாமவர் முடித்து வைத்தார்.

நேரில் வாதாடினால் குரல் உயர்கிறது, எனக்குப் பிரஷர் மாத்திரை வேறு. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. கிளீவ்லாந்து ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளின் ஊர். ஈரி என்ற பெரிய ஏரியின் கரையில், கண்ணாடியில் கூர்ங்கோபுரம் போல அந்த மியூசியத்தைக் கட்டி 1995-ல் திறந்தார்கள். கட்டடத்தை வரைந்தவர் ஐ. எம். பெய். பாரிஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு வைத்தாரே, அதே ஆள்தான். அப்பாவின் மில் வேலையால் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான்; லூவ்ரைப் பாடப்புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்தவனுக்கு அந்தக் கட்டடக்காரரின் வேறொரு பிரமிடுக்குள் நுழையக் கிடைத்ததே பெரிய சந்தோஷம். அந்த ஊரில் ஏன் வைத்தார்கள் என்றால், ரேடியோவில் பாட்டுப் போடுகிற ஆலன் ஃப்ரீட் என்பவர் அங்கிருந்துதான் 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரைப் பரப்பினார். 1952 மார்ச் 21 அன்று அவர் நடத்திய கச்சேரியை உலகத்தின் முதல் ராக் கச்சேரி என்கிறார்கள். அரங்கு கொள்ளாத கூட்டம் வந்து, ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. நம்மூர்க் கொடை மாதிரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கிளீவ்லாந்தில்தான் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. நம் வித்துவான்கள் வருஷா வருஷம் விசா வாங்கிக்கொண்டு போவது அந்த ஊருக்குத்தான். ஆராதனையைச் சொன்னபோது தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாக்கியத்தில் மியூசியத்தைச் சொன்னதும் சுளித்தார். அந்த ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அந்தச் சங்கீதம் எனக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்காது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பாடுகிற பையன் தொண்டையிலிருந்து கொண்டுவந்த சத்தம் ஆடு அறுக்கிற இடத்தை நினைவுபடுத்தியது. ஆனால் பிடிக்காதது வேறு, இரைச்சல் என்பது வேறு. பிரெஞ்சில் இரைச்சலுக்கு 'ப்ருயி' என்பார்கள். அதே சொல்லுக்கு வதந்தி என்றும் அர்த்தம் உண்டு. கேட்டுப் பார்க்காமலே ஒன்றை இரைச்சல் என்பவர்கள் இரண்டு அர்த்தத்திலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பேன்.

நம் காது அப்படி என்ன மென்மையான காது? சித்திரை, வைகாசியில் அம்மன் கோயில் கொடை என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம் என்று நையாண்டி மேளம் விடிய விடிய வாசித்து வளர்ந்தவர்கள் நாம். சாமியாடி ஆட வேண்டும் என்றால் மேளம் அடிவயிற்றில் போய் இடிக்க வேண்டும். இடிக்காவிட்டால் "என்ன வே, மேளம் செத்துக் கெடக்கு?" என்று முதலில் சத்தம் போடுவது இந்தப் பெரியவர்கள்தான். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் நாலு தெருவுக்குக் கேட்ட வாத்தியம்தானே? மைக் இல்லாத காலத்தில் வெட்டவெளிக்கென்றே செய்த வாத்தியங்கள் இவை.

மெட்டல் என்ற வகை தொடங்கிய கதை தவில்காரர்களுக்கு நன்றாகப் புரியும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் ஊரில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற பையன் வேலை பார்த்தான். இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவனோ இடது கைக்காரன். தந்தியை அமுக்குகிற கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குக் கூடு செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டு வாசித்தான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பின்னால் தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினான், சுருதி கீழே இறங்கிக் கனத்தது. அவனுடைய பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்தது. நம் தவில்காரர் வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடு மாட்டுகிறார் அல்லவா? கையால் உழைக்கிறவனுக்கு விரல் போனாலும் வாசிப்புப் போகக் கூடாது என்ற பிடிவாதம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

2024-ல் பாரிஸில் ஃபில்ஆர்மோனி என்ற பெரிய சங்கீத நிலையத்தில் மெட்டல் இசைக்கென்று ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிரான்ஸின் இசை மியூசியம் இருப்பதும் அந்த வளாகத்தில்தான். கண்காட்சிக்கு 'சங்கீதத்தில் சாத்தான்' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார்கள். அது பழைய சங்கதி. ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளிக்கு ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் சாத்தான் என்று பெயர் சூட்டி ஒதுக்கச் சொன்னார்கள். பிளாக் சாபத் அதை வைத்துத்தான் ஆளை மிரட்டியது. அந்த இடைவெளி எது தெரியுமா? நம் சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். 72 மேளகர்த்தாவில் 36 ராகங்களில் அது இருக்கிறது. கல்யாணியில் இருக்கிறது. கல்யாண வீட்டில் கல்யாணி கேட்டு உருகுகிற நாம், அவர்களுடைய சாத்தானை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது மியூசியம் என்றால் அமைதி என்ற வாதம். சிலைக்கு அமைதி சரி, நாணயத்துக்குச் சரி. வாத்தியத்துக்கு எப்படிச் சரியாகும்? எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர்ச் சீட்டைப் படிக்கலாம். அது எப்படிச் சிரிக்கும், எப்படி அழும் என்று எந்தச் சீட்டிலும் எழுத முடியாது. யாழை நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரம் முழுக்க யாழ்தான். விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார், பேரியாழுக்கு 21 நரம்பு என்று கணக்கெல்லாம் சொல்கிறோம். மாதவி மீட்டிய அந்த ஓசை எப்படி இருந்தது என்று சொல்ல இன்று ஒரு ஆள் உண்டா? நரம்பைத் தொட்ட விரல்கள் எங்கோ ஒரு தலைமுறையில் ஓய்ந்துபோயின. சொல் மிஞ்சியது, சத்தம் போய்விட்டது.

பெங்களூரில் ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகத்தில் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு ஒலித் தோட்டம். கல்லையும் உலோகத்தையும் பிள்ளைகள் கையால் தட்டிப் பார்க்கலாம். செய்து கொடுத்ததில் ஆரோவில் ஸ்வரம் பட்டறைக்குப் பங்கு உண்டு. என் பள்ளிக்கூட நாட்களின் புதுச்சேரிக்குப் பக்கத்து மண் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் தற்பெருமை. கிளீவ்லாந்து மியூசியமும் அதையே வேறு வகையில் செய்கிறது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் செத்துப்போன மேதையின் கிதார். வெளியே வந்தால் உயிரோடு இருக்கிற உள்ளூர்ப் பையன் கையில் அதே மாதிரி ஒரு கிதார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கலாச்சாரம் என்கிற மூன்றாவது வாதத்துக்கு நீளமாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. வயலின் எங்கிருந்து வந்தது? ஏ.கே.சி. நடராஜன் கையில் இருந்த கிளாரினெட்? மாண்டலின் சீனிவாசுக்கு அடைமொழியாகவே ஆன மாண்டலின்? ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி தடை செய்தது, முப்பது வருஷத்துக்கு மேல் தடை இருந்தது. நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஆர்மோனியம் இல்லாமல் வில்லு ஏது?

இப்போது எனக்கு உள்ளபடியே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ கிதார் வாசித்ததற்குக் கலாச்சாரக் கவலைப்படுகிறவர்கள், நம் கொடைகளில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பார்த்தார்களா? இந்தச் சுற்றுவட்டாரக் கொடை ஒன்றில், ஊர் பெயர் வேண்டாம், நையாண்டி மேளத்தை எட்டரை மணிக்கு நிறுத்தச் சொன்னார்கள். சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராவுக்கு மேடை வேண்டுமாம். ஆள் உயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கியாயிற்று. மேளக்காரர்கள் உறுமியை மடியில் வைத்துக்கொண்டு கோயில் பின்புறம் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைக் கூப்பிட்டது கடைசியில்தான். ஏன் கடைசி என்று நான் விளக்க வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள்தான் இரைச்சல், கலாச்சாரம் என்று என்னிடம் பேசுகிறார்கள்.

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கொடைக்கு முந்தைய சமாதானக் கூட்டங்களுக்கு நோட்டுப் போட்டுக் குறிப்பெழுதியவன் நான். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் மனப்பாடம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் கூடாது, வாத்தியமும் கூடாது. திருவிழாவுக்கென்று வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் பன்னிரண்டு மணி வரை அரசு தளர்த்தலாம். சட்டத்துக்கு உறுமியும் ஒன்றுதான், பாக்ஸும் ஒன்றுதான். ஆனால் ஏட்டு வந்து நிறுத்தச் சொன்னால் எது முதலில் நிற்கும்? மேளக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். பாக்ஸ் யாரோ ஒரு முக்கியஸ்தரின் மச்சானுடையது, அது பன்னிரண்டைத் தாண்டியும் பாடும். இரைச்சலை எதிர்க்கிறவர்கள் அந்த மச்சானிடம் போய் எதிர்க்கலாமே?

மேளக்காரர் வீட்டுப் பையன்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கொடை சீசன் முடிந்தால் அவர்களுக்குச் சோறு போடுவது நானில்லை. இப்படியே இன்னும் இருபது வருஷம் போனால் உறுமியும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பக்கத்தில் சீட்டு ஒட்டுவார்கள், 'நெல்லை வட்டாரத் தோல் கருவி' என்று. அன்றைக்குத் தலைமையாசிரியர் ஆசைப்பட்ட அமைதி கிடைக்கும்.

கிளீவ்லாந்துக்காரன் செய்ததை நாமும் செய்ய முடியும், காசும் அதிகம் ஆகாது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, மைக் இல்லாமல் ஒரு மேளம். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், உறுமியை இழுத்துப் பார்க்கட்டும். கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம், காலையில் பதினொரு மணிக்குள் வந்தால் காபி உண்டு.

நம் தெருக் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. என் வரியை மேளக் கணக்கில் மட்டும் எழுதச் சொல்லப் போகிறேன். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு ரூபாய் தர மாட்டேன். தலைமையாசிரியரும் கூட்டத்துக்கு வருவார் என்று நினைக்கிறேன்.