ஜாடி விற்க வந்தவர்கள்

எங்கள் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் படிப்பு வட்டத்தில் ஓர் இளம் தோழர் எழுந்து நின்றார். நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்பவர். “தோழரே! ஆலை வந்தால், படிப்பு வந்தால், விஞ்ஞானம் வளர்ந்தால் மூட நம்பிக்கை தானாகப் போய்விடும் என்கிறீர்கள். ஜப்பானில் இவை எல்லாமே இருக்கின்றன. பிறகு ஏன் அங்கே புதுப்புது மதங்கள் முளைக்கின்றன? படித்தவர்களே ஏன் போய் விழுகிறார்கள்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. “அவர்கள் ஏமாளிகள்” என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஆனால் அந்தப் பதில் தவறு. தவறு என்பதோடு, நம் இயக்கத்துக்குக் கேடும்கூட. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு தாயும் பத்துக் கோடி யென்னும்

2022 ஜூலை 8-ம் தேதி. ஜப்பானில் நாரா நகரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகே தேர்தல் பிரசாரம் செய்துகொண்டிருந்தார் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே. கையால் செய்த ஒரு துப்பாக்கியால் அவரை ஒருவன் சுட்டுக் கொன்றான். எந்தக் கட்சிக்காரன் என்று உலகமே தேடியது. அவன் எந்தக் கட்சிக்காரனும் அல்லன். தன் தாய் ஒரு மத சபையிடம் குடும்பச் சொத்து முழுவதையும் இழந்தாள், அந்தச் சபைக்கு அபே துணை நின்றார் என்பதுதான் அவன் சொன்ன காரணம்.

அந்தத் தாயின் கதை என்ன? கணவன் தற்கொலை செய்துகொண்டான். ஒரு மகன் கடும் நோயாளி. 1991 வாக்கில் அவள் அந்தச் சபையில் சேர்ந்தாள். நிலத்தை விற்றுக் கொடுத்தாள். வீட்டை விற்றுக் கொடுத்தாள். மொத்தம் ஏறக்குறைய 10 கோடி யென். 2002-ல் திவாலானாள். படிக்க வேண்டிய பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அந்தச் சபையின் பெயர் யூனிபிகேஷன் சர்ச். அதை நிறுவியவர் சன் மியுங் மூன் என்ற கொரியர். நாம் சுருக்கமாக ‘மூன் சபை’ என்போம்.

இந்தச் சபையார் ஜப்பானில் பணம் பிடுங்கிய முறை ஊரறிந்தது. வீடு வீடாகப் போவார்கள். விதவை யார், நோயாளி இருக்கும் வீடு எது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யார் என்று விசாரித்துக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பரிவோடு பேசுவார்கள். பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்கள்: உன் முன்னோர் செய்த பாவம் உன்னைத் தொடர்கிறது, அவர்கள் ஆவி உலகத்தில் துடிக்கிறார்கள், இந்த ஜாடியை வாங்கி வை, இந்தப் பளிங்குக் கோபுரத்தை வாங்கி வை, இந்த முத்திரையை வாங்கு, பாவம் கழியும்! கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பண்டத்துக்குப் பல லட்சம் யென். ஜாடி விற்றுத் தீர்ந்தபின் நன்கொடை. நன்கொடை தீர்ந்தபின் கடன் வாங்கி நன்கொடை.

இதை எதிர்த்து 1987-ல் ஜப்பான் வக்கீல்கள் ஒன்றுகூடி ஓர் அமைப்பு ஏற்படுத்தினார்கள். 2021 வரை அவர்களிடமும் நுகர்வோர் உதவி நிலையங்களிலும் பதிவான நஷ்டம் 12,000 கோடி யென்னுக்கும் மேல். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாய் மூடியவர்கள் கணக்கு இதில் இல்லை.

இங்கேதான் நாம் நிதானித்து யோசிக்க வேண்டும். அந்தத் தாய் ஏன் கதவைத் திறந்தாள்? ஜாடியின் மேல் ஆசையாலா? இல்லை. கணவன் செத்த வீட்டில், நோயாளிப் பிள்ளையின் கட்டிலருகே, அவளோடு உட்கார வேறு யாரும் இல்லை. வந்தவன் திருடன்தான். ஆனால் வந்தவன் அவன் ஒருவன்தான்!

கந்தல் பொறுக்கியவளின் மதம்

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். ஜப்பானில் புது மதங்கள் நேற்று முளைத்தவை அல்ல. எல்லாமே மூன் சபையைப் போன்றவையும் அல்ல.

1892-ல் அயாபே என்ற ஊரில் நாவோ தெகுச்சி என்ற ஏழைப் பெண் இருந்தாள். தச்சன் மனைவி. கணவன் குடித்தே குடும்பத்தை அழித்துவிட்டு இறந்தான். அவள் கந்தல் பொறுக்கி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். ஒருநாள் தன்மேல் தெய்வம் இறங்கியதாகச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் கையில் தூரிகை பிடித்து எழுதத் தொடங்கினாள். அவள் எழுதியதன் சாரம் என்ன? ஏழையை மிதிக்கும் இந்த உலகம் அழியும், புது உலகம் பிறக்கும் என்பதே. இப்படிப் பிறந்ததுதான் ஓமோட்டோ என்ற மதம். பஞ்சத்திலும் கடனிலும் தவித்த குடியானவர்கள் அதில் திரண்டார்கள். சர்க்கார் சும்மா இருந்ததா? 1921-ல் ஒருமுறை, 1935-ல் மறுமுறை பாய்ந்தது. இரண்டாம் முறை கோயில்களை வெடிவைத்துத் தகர்த்தது. அப்போது பிரயோகித்த சட்டம் எது தெரியுமா? கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காக 1925-ல் கொண்டுவந்த அதே அமைதிக் காப்புச் சட்டம்!

1930-ல் சோகா கக்காய் என்ற அமைப்பை மகிகுச்சி என்ற பள்ளி ஆசிரியர் ஆரம்பித்தார். யுத்த காலத்தில் எல்லோரும் அரசாங்கக் கோயிலின் தகடை வீட்டில் வைத்து வணங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் மறுத்தார். 1943-ல் அவரையும் அதே சட்டத்தின் கீழ்ப் பிடித்து அடைத்தார்கள். 1944-ல் சிறையிலேயே மாண்டார். அவருடைய தத்துவம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆனால் யுத்த வெறியர்களுக்குத் தலை வணங்காமல் சிறையில் செத்தவரை இழிவாகப் பேச நமக்கு வாய் வரக்கூடாது.

ஆக, ஏழையின் கண்ணீரும் கோபமும் சில வேளை மதத்தின் உடுப்பை உடுத்திக்கொண்டு வருகின்றன. கண்ணீர் பொய்யல்ல. அது காட்டும் வழிதான் பொய்.

யூபாரி சுரங்கத்தில் நடந்தது

யுத்தம் முடிந்தபின் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் பிழைக்க வந்தார்கள். பெரிய ஆலைகளில் நிரந்தர வேலை கிடைத்தவர்களுக்குச் சங்கம் இருந்தது. சின்னப் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை செய்தவர்களுக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. உறவு இல்லை, ஊர் இல்லை, சங்கமும் இல்லை. சோகா கக்காய் அவர்களிடம் போயிற்று. வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். நோயென்றால் பார்க்க வருவார்கள். 1951-ல் 7,50,000 குடும்பங்களைச் சேர்ப்போம் என்று அதன் தலைவர் தோடா சபதம் செய்தார். 1958-ல் அவர் இறப்பதற்குள் அந்த இலக்கைத் தாண்டிவிட்டதாக அமைப்பு அறிவித்தது.

வடக்கே ஹொக்கைடோ தீவில் யூபாரி நிலக்கரிச் சுரங்கத்தில் பலமான சங்கம் இருந்தது. 1956 தேர்தலில் சங்கம் நிறுத்திய வேட்பாளரை விட்டுவிட்டு, சோகா கக்காயில் சேர்ந்த தொழிலாளர்கள் தங்கள் அமைப்பின் வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டார்கள். சங்கத் தலைமைக்குக் கோபம் வந்தது. 1957-ல் அந்தத் தொழிலாளர்களை எதிர்த்து முனைந்தது. விளைவு? அவர்கள் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் விட்டார்கள், நம்பிக்கைக்காக எங்களைத் துரத்துகிறார்கள் என்று முழங்கினார்கள். கடைசியில் சங்கம்தான் பின்வாங்க நேர்ந்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளி காலையில் நிலக்கரி வெட்டுகையில் முதலாளியால் சுரண்டப்படுகிறான். மாலையில் மந்திரம் சொல்கிறான். அவனுடைய காலை நமக்குச் சொந்தம். மாலையைக் காட்டி அவனை விரட்டினால் காலையையும் இழப்போம்.

மதம் யார் கைக்குப் போகிறது?

இப்போது மூன் சபைக்குத் திரும்புவோம். வித்தியாசம் அப்போதுதான் தெளிவாகும்.

மூன் தன் சபையை சியோல் நகரில் ஆரம்பித்த நாள் 1954 மே 1. ஆம், மே தினம்! 1961-ல் தென் கொரியாவில் ராணுவச் சதியில் பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். அந்தச் சர்வாதிகாரத்தின் நிழலில் சபை கொழுத்தது. மூன் பெயரில் வெறும் ஜெபக்கூடம் இல்லை. ‘தோங்கில்’ கம்பெனிகள் இருந்தன. எந்திர பாகங்கள் செய்தார்கள், ஆயுத பாகங்கள் செய்தார்கள், ஜின்செங் மூலிகை விற்றார்கள். அந்தத் தோங்கில் ஆலைத் தொழிலாளர்கள் 1980-களில் தங்களுக்கென்று உண்மையான சங்கம் வேண்டும் என்று கடும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. உலகமெல்லாம் ஒரே குடும்பம் என்று போதித்த மகானின் ஆலையில்தான் இது!

1968-ல் மூன் ‘கம்யூனிசத்தை வெல்வதற்கான சர்வதேச சம்மேளனம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். ஜப்பானில் அதற்குத் தோள் கொடுத்தவர் யார்? நொபுசுகே கிஷி. யுத்த காலத்தில் தோஜோவின் மந்திரி. யுத்தக் குற்றவாளி என்று சந்தேகிக்கப்பட்டு சுகாமோ சிறையில் கிடந்தவர். 1948-ல் விசாரணையே இல்லாமல் வெளியே வந்தவர். 1957-ல் பிரதமரானவர். 1960-ல் அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பான் தொழிலாளர்களும் மாணவர்களும் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கியபோது பதவியை விட்டு ஓடியவர். கொலையுண்ட அபே இந்தக் கிஷியின் மகள் வயிற்றுப் பேரன். 2021-ல் மூன் சபையின் துணை அமைப்பு நடத்திய கூட்டத்துக்கு அபே வீடியோவில் வாழ்த்து அனுப்பினார்.

அமெரிக்காவில் 1982-ல் ‘வாஷிங்டன் டைம்ஸ்’ என்ற வலதுசாரிப் பத்திரிகையை மூன் தொடங்கினார். அதே 1982-ல் வரி ஏய்ப்பு வழக்கில் அங்கே தண்டிக்கப்பட்டு, 1984-ல் சிறைக்குப் போனார். வாழ்நாள் முழுதும் கம்யூனிசம் சாத்தான் என்று முழங்கியவர் 1991-ல் வட கொரியா போய் கிம் இல் சுங்கைக் கட்டித் தழுவினார். பின்பு அங்கேயே கார் தயாரிப்பிலும் பணம் போட்டார். வியாபாரம் என்று வந்தால் சாத்தானும் பங்காளிதான் போலும்!

இந்தச் சபை ஜப்பானிய விதவையிடம் சொன்ன தத்துவத்தைக் கேளுங்கள். ஜப்பான் 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்திய பாவத்துக்கு ஜப்பானியர் பரிகாரம் செய்ய வேண்டுமாம். கொரியாவைக் கொள்ளையிட்டவர்கள் யார்? ஜப்பானிய முதலாளிகளும் ராணுவத் தலைவர்களும். அந்தக் கும்பலின் மந்திரியாக இருந்த கிஷி சபைக்கு நண்பர். பாவப் பணம் கட்டியவள் நாராவில் இருந்த விதவை! வர்க்க அரசியலை இதைவிட நிர்வாணமாகக் காட்ட முடியுமா?

கொலைக்குப் பின் மக்களின் ஆத்திரத்துக்கு அஞ்சி ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சி தன் பாராளுமன்ற உறுப்பினர்களை விசாரித்தது. 2022 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கின்படி 379 பேரில் 179 பேருக்குச் சபையோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. தேர்தல் வேலைக்குக் கூலி வாங்காத ஆட்களைச் சபை அனுப்பும். கண்டும் காணாமல் இருக்கும் வேலையைக் கட்சி பார்த்துக்கொள்ளும். ஏற்பாடு இதுதான்.

துப்பாக்கியா, காகிதமா?

2022 டிசம்பரில், பயமுறுத்தி நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் நிறைவேறியது. 2025 மார்ச் 25-ம் தேதி, மத நிறுவனம் என்ற அந்தஸ்தை இழந்து அந்தச் சபை கலைக்கப்பட வேண்டும் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. சபை மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

“பார்த்தீர்களா, ஒரு துப்பாக்கி சாதித்துவிட்டதே!” என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகுதான் சர்க்காருக்குக் காது கேட்டது என்பது உண்மை. அது சர்க்காருக்கு வெட்கக்கேடு. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றவை எவை? 35 ஆண்டுகளாக வக்கீல்கள் ஒவ்வொரு விதவையாகச் சந்தித்து எழுதி வாங்கிய காகிதங்கள். முகத்தை மறைக்காமல் பத்திரிகை முன் வந்து பேசிய பக்தர்களின் பிள்ளைகள். எவரும் கேட்காத காலத்திலேயே இதை விடாமல் எழுதிவந்த ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அகாஹாதா’ போன்ற பத்திரிகைகள். அந்தப் பொறுமையான வேலை இல்லாதிருந்தால், ஒரு தலைவர் செத்திருப்பார், ஒரு மனிதன் சிறை சென்றிருப்பான், ஜாடி வியாபாரம் நடந்துகொண்டே இருந்திருக்கும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

இளம் தோழருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். எந்திரம் வந்ததால் மட்டும் பயம் போவதில்லை. நாளை வேலை இருக்குமா, நோய் வந்தால் யார் பார்ப்பார், நான் செத்தால் பெண்டு பிள்ளை கதி என்ன என்ற பயம் இருக்கும்வரை, அந்தப் பயத்தை விலைபேச ஒருவன் வந்துகொண்டேதான் இருப்பான். ஜப்பானில் புல்லட் ரயில் ஓடுகிறது. அந்தப் பயமும் கூடவே ஓடுகிறது.

ஆகையால் பக்தனைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தவனிடம் யாரும் தன் துக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். கூலி உயர்வுக் கோரிக்கையில் கையெழுத்துப் போட அவன் வருவானானால் அவன் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்க்காதீர்கள். அதே சமயம் அந்தப் பயத்தில் பணம் பண்ணுகிறவன் எவனாயிருந்தாலும் கணக்கைக் கேளுங்கள். யாரிடம் வாங்கினாய்? எங்கே போயிற்று? உன் ஆலையில் கூலி என்ன? உன் மேடையில் உட்காரும் மந்திரி யார்?

கடைசியாக, நமக்கு நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். வேலை செய்கையில் இறந்துபோன தொழிலாளியின் வீட்டுக்கு நாம் மாலையோடு போகிறோம். கொடியை இறக்குகிறோம். இரங்கல் தீர்மானம் போடுகிறோம். அடுத்த மாதம் போகிறோமா? ஆறாவது மாதம் போகிறோமா? சந்தாப் புத்தகத்தில் பேர் இல்லாத அந்தப் பெண்பிள்ளை நம் கணக்கில் இருக்கிறாளா?

நாராவில் ஜாடி விற்க வந்தவன் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. நாம் போகாத வாசல் வழியாகத்தான் வந்தான். அந்த வாசலுக்கு நாம் முதலில் போவோம்.