பொம்மைக்குள்ளே ஒரு ஊர்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் எல்லா ஊர்ப் பெயரும் ஒரே மாதிரிதான் கேட்கும். சானோ, ஷிகி, இமாபாரி... ரயிலில் அறிவிப்பு வரும், அடுத்த நிமிடமே மறந்து போகும். வரைபடத்தை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதெல்லாம் வீண் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பொம்மைத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தால் போதும்.

இந்தப் பொம்மைகளுக்கு 'யுருகியாரா' என்று பெயர். 'யுரு' என்றால் தளர்வானது, தொளதொளப்பானது. 'கியாரா', கேரக்டர் என்பதன் சுருக்கம். ஊர் நகராட்சியோ மாகாண அரசோ தன் ஊருக்கென்று உருவாக்கி, உள்ளே ஒரு ஆளை நிறுத்தி நடமாட விடும் பெரிய பொம்மை. பெயர் வைத்தவர் மியுரா ஜுன் என்ற எழுத்தாளர். மூன்று நிபந்தனைகளும் போட்டார்: சொந்த ஊர்ப் பாசம் தெரிய வேண்டும், அசைவு தட்டுத்தடுமாறி வினோதமாக இருக்க வேண்டும், பார்த்தால் பிரியம் வரும்படி கொஞ்சம் அசடாக இருக்க வேண்டும். அழகாக இருக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை!

கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வருவது ஹிகோனே. பிவா ஏரிக்கரையில் இருக்கும் கோட்டை நகரம். கோட்டையின் 400வது ஆண்டு விழா 2007ல் நடந்தபோது பிரபலமானது ஹிகோன்யான். சிவப்புத் தலைக்கவசம் போட்ட வெள்ளைப் பூனை. அந்த ஊரை ஆண்ட ஈ குலத்து வீரர்களின் கவசம் சிவப்பு. அந்தக் குலத்துப் பிரபு ஒருவரை ஒரு வெள்ளைப் பூனை கையசைத்துக் கூப்பிட்டு இடியிலிருந்து காப்பாற்றியது என்று ஒரு கதையும் உண்டு. ஒரு பொம்மைக்குள் முந்நூறு நானூறு வருடச் சரித்திரம்! 2008ல் அதே ஊரில் மற்ற ஊர்ப் பொம்மைகளையும் கூப்பிட்டு விழா நடத்தினார்கள்.

இப்படிப்பட்ட விழாவில் நாள் முழுக்க நடப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொம்மைகள் வரும், கையாட்டும், கூடவே ஒரு உதவியாளர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார் (உள்ளே இருப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாதே). பெரும்பாலான பொம்மைகள் பேசுவதில்லை. ஜப்பான் மொழி தெரியாத வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்க் குழந்தையும் அங்கே சமம். தலையில் ராமென் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் வாளுக்குப் பதில் உருளைக்கிழங்கு வறுவல் குச்சி செருகிய நாய் வந்தால் அது சானோ நகரத்துச் சானோமாரு. வயிற்றில் துண்டு கட்டிய குண்டுக் கோழிக்குஞ்சு என்றால் துண்டு நெசவுக்குப் பேர்போன இமாபாரியின் பாரிசான். அதற்கப்புறம் அந்த இரண்டு ஊரும் மறக்குமா?

வரிப்பணத்தில் இந்தக் கூத்து தேவையா என்று கேட்பவர்கள் ஜப்பானிலேயே நிறைய. நியாயமான கேள்விதான். ஒசாகா மாகாண அரசிடம் ஒரு காலத்தில் 90க்கும் மேல் பொம்மைகள் இருந்தன. துறைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று என்று பெருகினால் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? அது ஊர்ப் பாசம் இல்லை, வெறும் பைல்.

அதைவிடப் பெரிய கெடுதல் போட்டியால் வந்தது. 2011ல் இணைய ஓட்டு வைத்து முதலிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வருடம் குமமோட்டோவின் கருப்புக் கரடி குமமோன் ஜெயித்து உலகப் புகழ் பெற்றது. உடனே எல்லா ஊருக்கும் அதே ஆசை. 2018ல் யொக்காய்ச்சி நகராட்சி, ஊழியர்களை வைத்தே ஏகப்பட்ட கணக்குகள் திறந்து தன் பொம்மைக்கு ஓட்டுக் குத்தியது செய்தியானது. கள்ள ஓட்டு, அதுவும் ஒரு பொம்மைக்கு! தொளதொளப்பாக இருப்பதுதான் அழகு என்று தொடங்கிய ஒன்று இப்படி இறுகிப் போனால் என்ன மிச்சம்? அந்தப் போட்டி 2020ல் முடிந்தது. நல்லதுதான்.

குமமோனின் வெற்றிக்குக் காரணம் முதல் பரிசு மட்டும் இல்லை. ஊருக்கு விளம்பரமாகும் என்றால் உள்ளூர் வியாபாரிகள் அனுமதி வாங்கிக் கட்டணமில்லாமல் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ள மாகாணம் விட்டது. அதனால் அரிசி மூட்டையிலும் மிட்டாயிலும் கரடி ஏறியது. 2016 ஏப்ரலில் குமமோட்டோவை நிலநடுக்கம் உலுக்கியபோது, நாடெங்கும் ஓவியர்கள் அந்தக் கரடியை வரைந்துதான் ஆறுதல் சொன்னார்கள். எத்தனையாவது இடம் என்று அப்போது யார் பார்த்தார்கள்?

இளைஞர்கள் வெளியேறி, கடைகள் மூடி, வயதானவர்கள் மட்டும் மிஞ்சும் சிற்றூர்கள் அங்கே ஏராளம். பொம்மை அந்த ஊரைக் காப்பாற்றிவிடாது. ஆனால் "இங்கே ஒரு ஊர் இருக்கிறது, எங்களுக்கு இது நன்றாகச் செய்ய வரும்" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் வெட்கப்படாமல் சொல்ல அதைவிட மலிவான வழி இல்லை. விழா முடிந்து திரும்பும் வெளிநாட்டு மாணவருக்கு நான்கு ஊர்ப் பெயர் ஞாபகம் இருந்தால் செலவழித்த வரிப்பணம் வீண் இல்லை. பொம்மை மட்டும் ஞாபகம் இருந்து ஊர் மறந்து போனால், வீண்தான்.