பாற்கட்டிக்குக் காவல், பட்டுக்கு?

சென்னைக் கிண்டியிலே 2012-ஆம் ஆண்டு எழுந்த மாளிகை விடுதி, ஐ.டி.சி. கிராண்ட் சோழா. அறைகள் 600, பெயரோ பேரரசின் பெயர்! அதனுள்ளே ஓட்டிமோ என்றோர் இத்தாலிய உணவகம். ஊர்விட்டு ஊர் செல்லாமல் உள்ளூர் விடுதியிலேயே இரண்டு நாள் தங்கி, உண்டு, ஓய்ந்து திரும்புவது இன்று செல்வரின் புதுப் பழக்கம்.

உண்ணட்டும், நமக்கு அழுக்காறில்லை. இத்தாலிய உணவின்மீது பகையுமில்லை. ஆனால், அத்தகைய உணவின்மீது தூவப்படும் பாற்கட்டியின் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்பது அதன் பெயர். பார்மா முதலிய குறித்த வட்டாரங்களிலேதான் அதைச் செய்யலாம். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். உற்பத்தியாளர் 1934-இல் கூட்டமைப்புக் கண்டனர். 1996-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குக் காப்பளித்தது. சோதனையில் தேறாத கட்டிக்கு முத்திரையில்லை.

காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. விசைத்தறி தொடக்கூடாத வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டமும் 1985 முதல் உண்டு. 1993-இல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றது. ஆயினும் நிகழ்ந்ததென்ன? ஒதுக்கப்பட்ட 22 வகைகள் 11 ஆகச் சுருங்கின. விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டென்னும் பெயர் சூடிக் கடைவீதியிலே உலவுகிறது. 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தனர் தில்லி ஆட்சியினர்!

விளைவு? நாடு முழுவதும் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன என்கிறது 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு. ஓரிரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைக்கே உயர்ந்த வரி என்கிறது வரிச்சட்டம். மாதமெல்லாம் குழித்தறியிலே கால் பதித்துக் குடும்பமே உழைத்து ஈட்டுவது, அங்கே ஒருவர் ஓரிரவு கண்ணுறங்கத் தரும் பணத்துக்கும் ஈடாகவில்லை!

“சந்தையின் நியதி” என்பர் சிலர். பாற்கட்டிக்குச் சந்தையில்லையா? அங்கே செய்வோர் சேர்ந்து நின்றனர். சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. இங்கே சட்டம் ஏட்டிலே உறங்குகிறது, வேறுபாடு அவ்வளவே.

விசைத்தறித் தொழிலாளி நம் பகைவனல்லன், அவனும் கூலிக்காரனே. ஒதுக்கப்படாத துணியை நெய்யட்டும், அதன் பெயரிலேயே விற்கட்டும். பெயரைத் திருடி ஆதாயம் அடையும் முதலாளியே நம் வழக்கின் எதிரி.

எனவே, கடைதோறும் சோதனை வேண்டும். போலிக்குத் தண்டனை வேண்டும். முத்திரையிடும் உரிமை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் வேண்டும். காஞ்சித் தெருக்களிலே இக்கோரிக்கையை ஏந்திச் செல்வோம். ஏட்டிலே உறங்கும் சட்டத்தைத் தட்டி எழுப்புவோம்!