செல்லுக்கு ஒரே ஒரு மூளைதானா?

ஸ்கூல்ல நம்ம எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது என்ன? உட்கருதான் செல்லோட மூளை, டி.என்.ஏ-வைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதறது அங்கதான். மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியாச்சு. மேல்பட்டாம்பாக்கத்தைச் சுத்தி எங்க பார்த்தாலும் நெல்லும் கரும்பும்தான். அந்தப் பயிருக்கே இது பாதி உண்மைதான்னு யாரும் சொல்லலை. என்னைக் கேட்டா, செடிகொடிக்கு இந்த 'மூளை' உவமையையே தூக்கிப் போட்டுடலாம்.

ஆர்.என்.ஏ எழுதற நொதிக்குப் பேரு ஆர்.என்.ஏ பாலிமரேஸ். நம்ம உட்கருவுல மூணு வகை, செடிக்கு அஞ்சு. முதலாவது நியூக்ளியோலஸுக்குள்ள உக்காந்து ரைபோசோமுக்கு எழுதுது. நாலாவதும் அஞ்சாவதும் செடிகளுக்கே உரியது. தாவிக் குதிக்கிற மரபணுக்களை அடக்கி வைக்கிறதுதான் முக்கிய வேலை. நாலாவது இருக்குன்னு 2005-லதான் உறுதியாச்சு. பெங்களூர் என்.சி.பி.எஸ்-ல ஷிவபிரசாத் குழு நெல்லுல இதை ஆராயறாங்க.

சுவாரசியமே உட்கருவுக்கு வெளியதான். பசுங்கணிகத்துல ரெண்டு பாலிமரேஸ். ஒண்ணு பாக்டீரியா ஜாடை. அதோட மையப் பாகங்களுக்கான நாலு மரபணுவும் பசுங்கணிகத்தோட சொந்த டி.என்.ஏ-லயே இருக்கு. இன்னொண்ணு உட்கருவுல இருந்து இறக்குமதி. 1996-ல புகையிலையில முதல் வகையோட ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தாங்க. செடி வெள்ளையாயிடுச்சு. ஆனாலும் பசுங்கணிகத்துல கொஞ்சம் ஆர்.என்.ஏ உருவாகிட்டே இருந்தது. அப்படித்தான் ரெண்டாவது ஆள் வசமா மாட்டினான்.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது உடனே புரியும். இறக்குமதி நொதிதான் பூட்லோடர். அது முதல்ல ஓடி, உள்ளூர் நொதிக்கான மரபணுவை எழுதுது. அப்புறம் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களை உள்ளூர் நொதி பார்த்துக்குது. எந்த மரபணுவை எப்போ தொடங்கணும்னு காட்டுற சிக்மா காரணிகள் மறுபடி உட்கருவுல இருந்துதான் வரணும்.

"அப்போ உட்கருதானே பாஸ்?"னு கேப்பீங்க. ஒத்துக்க மாட்டேன். உள்ளூர் நொதி இல்லேன்னா பச்சையே கிடையாது, உட்கரு எத்தனை உத்தரவு போட்டாலும் சரி. போதாததுக்கு, உள்ள கோளாறுன்னா பசுங்கணிகம் திருப்பிச் சேதி அனுப்புது, உட்கருவும் அதுக்கேத்த மாதிரி தன் மரபணுக்களை மாத்திக்குது. இது மூளையும் கையும் இல்லைங்க, ரெண்டு சர்வர் பேசிக்கிற கதை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இறக்குமதி நொதிதான். அராபிடாப்சிஸ் செடியில ஒரே நொதி மைட்டோகாண்ட்ரியாவுலயும் பசுங்கணிகத்துலயும் வேலை பார்க்குது. நெல்லுல அந்த ஆள் கிடையாது. எங்க ஆபீஸ்ல இப்படி ரெண்டு கம்பெனிக்கு உழைச்சா அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிடும் :-)