மாளிகையில் எளியவனுக்கு ஓர் இருக்கை

ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொடர்வண்டி ஏறி, நெரிசலில் பிதுங்கிச் சென்னையில் இறங்கும் தொழிலாளி, நாள்தோறும் ஒரு மாளிகையின் ஓரமாகவே கடந்து செல்கின்றான். 1873-இல் எழுந்த நடுவண் நிலையம் அது. அண்ணாந்து அவன் பார்ப்பது மணிக்கூண்டை மட்டுமே. அக்கட்டடத்திற்கும் தனக்கும் உறவுண்டென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

உறவு இல்லாமலா? தென்னாட்டுத் தொடர்வண்டி நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்றிருந்த இழிவு, பெரியார் தலைமையில் நீதிக்கட்சி கிளர்ந்தெழுந்த பின்னரே, 1941-இல் ஒழிந்தது. காசு கொடுத்து உண்பவனையும் பிறப்புக் கேட்டு உட்கார வைத்த நாடு இது! அன்று வென்றெடுத்தது ஓரறையில் உடன் அமரும் உரிமை.

அவ்வுரிமையை முழுதும் நுகர்வோரைக் காண வேண்டின் கொல்கத்தா செல்லல் வேண்டும். அங்குக் கல்லூரித் தெருவில் உள்ளது ஆல்பர்ட்டு மன்றம், 1876-இல் தோன்றியது. 1942-இல் குளம்பி வாரியம் அதில் கடை திறந்தது. படியேறி நுழைவோரை முதலில் எதிர்கொள்வது இரைச்சல். பின்னரே உயர்ந்த கூரையும், மேல்மாடமும், சுவரில் தாகூரின் பேருருவப் படமும் கண்ணிற் படும். நாற்காலி கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டாலோ ஒரு குவளைக் குளம்பியோடு அரைநாள் அமரலாம். எழுந்து போ என்பாரில்லை. வெண்சீருடையும் தலைப்பாகையும் அணிந்து பரிமாறுவோர் அரண்மனை ஏவலர்போல் தோன்றுவர். ஆனால், அவ்விடத்தை நடத்துவதே தொழிலாளர் கூட்டுறவுக் கழகம்தான். வாரியம் தன் கடைகளை மூடத் தலைப்பட்டபொழுது, வேலையிழந்தோர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் 1957 முதல் நகர்தோறும் இத்தகைய கழகங்களை அமைத்தனர்.

அம்மேசைகளில் பேச்சு வங்காளத்திலேயே நடந்தது. சிற்றிதழ்கள் பல அங்கே கருக்கொண்டன. மொழி மேடையில் மட்டுமா வளர்கின்றது?

சென்னையில் மாநகராட்சி 2013-இல் தொடங்கிய மலிவு உணவகங்களில் ஓர் உருபாவுக்கு இட்டலி கிடைத்தது. பசி தணித்த நற்செயல்; 'உணவகம்' எனத் தமிழிற் பெயரிட்டதும் நன்றே. ஆயினும் அங்கு உண்போர் பெரும்பாலும் நின்றே உண்கின்றனர். நிற்பவன் விரைந்து விழுங்கிவிட்டுப் போவான். அமர்ந்தவனே அடுத்தவனோடு பேசுவான். இன்று எளியவன் மணிக்கணக்கில் உட்காரக் கிடைக்கும் இடம் மதுக்கடையை ஒட்டிய கொட்டகைதான். வெட்கக்கேடு!

பழங்கட்டடத்தைப் புதுக்கினால் அருங்காட்சியகம் என்கின்றனர். அன்றேல் செல்வர் விடுதி என்கின்றனர். அரசு புதுக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு கூடத்தையேனும் தொழிலாளர் கூட்டுறவுக்கு விடுக. நாற்காலி இடுக, விலைப்பட்டியைத் தமிழில் எழுதுக. வாடகை பெயரளவிலேயே இருக்கட்டும். அதனைச் சந்தை அளவுக்கு ஏற்றினால், ஏறிய தொகை குளம்பிக் குவளையில் வந்து விழும். இவ்வளவு செய்தால், மாலை வண்டிக்கு அரைமணி இருக்கையில் ஆவடித் தொழிலாளி நடைமேடைத் தூணில் சாய்ந்து நின்று தேநீர் குடிக்க நேராது.